முதல் பக்கத்துக்கு மாசம் எட்டாயிரமா?

இப்பெல்லாம் எங்க பக்கம் உர வியாபாரி போன் பண்றதை விட, "சார், உங்க வெப்சைட்டை கூகுள்ல முதல் பக்கத்துக்குக் கொண்டு வர்றோம்"னு போன் பண்றவங்கதான் அதிகம். நாட்டுச்சர்க்கரை காய்ச்சுறவர், செக்கு போட்டவர், மஞ்சள் அரைச்சு விக்கிறவர்னு யார் ஒரு வெப்சைட் ஆரம்பிச்சாலும் பத்து நாள்ல நம்பர் அவங்க கைக்குப் போயிடுது. மாசம் எட்டாயிரம், ஆறு மாச ஒப்பந்தம், முதலிடம் கியாரண்டி. இதைப் படிக்கிற உங்கள்ல பலபேர் கம்ப்யூட்டர் வேலையில இருக்கிறவங்க, எஸ்.இ.ஓ. உங்களுக்குத் தெரிஞ்ச சங்கதி. ஊர்ல இருக்கிற உங்க மாமாவோ சித்தப்பாவோ கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க. அதுக்காகத்தான் இதை எழுதறேன்.

கியாரண்டிங்கிற பேச்சே பொய். முதலிடம் வாங்கித் தர்றேன்னு யாரும் உத்தரவாதம் தர முடியாதுன்னு கூகுளே தன்னோட வழிகாட்டியில எழுதி வச்சிருக்கு. விளம்பரத்துக்குப் பணம் கட்டினா தனியா அடையாளம் போட்டுக் காட்டுவாங்க. கட்டுறதை நிறுத்தினா அதோட சரி. சாதாரணமா வர்ற வரிசைக்கும் அந்தப் பணத்துக்கும் சம்பந்தம் கிடையாது. இந்த ரெண்டையும் ஒண்ணாக் குழப்பி விக்கிறதுலதான் இவங்க பாதிப் பிழைப்பு ஓடுது.

எங்க ஊருக்குப் பக்கத்துல கவுந்தப்பாடி. நாட்டுச்சர்க்கரைக்குப் பேர் போன இடம். அங்க இருக்கிற ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துல மூட்டை மூட்டையா ஏலம் போகும், பழனி கோயில் பஞ்சாமிர்தத்துக்கும் அங்கிருந்துதான் வாங்கறாங்க. ஏலத்துல கிடைக்கிற விலை கட்டுபடியாகாம, நேரா வீடுகளுக்கு அனுப்பலாம்னு பங்காளி முறையில தம்பி ஒருத்தர் வெப்சைட் போட்டார். ஒரு கம்பெனி வந்து ஒப்பந்தம் போட்டுது. அவங்க செஞ்ச வேலையை ஒருநாள் உக்கார்ந்து படிச்சுப் பாத்தேன். 'சென்னையில் சிறந்த நாட்டுச்சர்க்கரை', 'மதுரையில் சிறந்த நாட்டுச்சர்க்கரை', 'திருச்சியில் சிறந்த நாட்டுச்சர்க்கரை'ன்னு ஊர்ப்பேரை மட்டும் மாத்தி ஒரே பக்கத்தை இருபது தடவை போட்டிருந்தாங்க. இப்படிச் செய்யறதைக் கூகுள் மோசடி வேலைன்னு தன் விதியிலயே சொல்லியிருக்கு. கண்டுபிடிச்சா பின்னாடி தள்ளிடும். பில்லுல 'கீவேர்டு டேக்'னு வேற ஒரு தொகை. அந்த டேக்கை நாங்க பாக்கறதே இல்லைன்னு கூகுள் 2009லயே அறிவிச்சாச்சு.

அதெல்லாம் பணத்தோட போச்சு. எனக்கு வயிறு எரிஞ்சது வேற ஒரு பக்கத்தைப் பாத்து. 'சர்க்கரை நோயாளிகளும் தாராளமாகச் சாப்பிடலாம்'னு எழுதியிருந்தாங்க. ஏம்ப்பா இதுன்னு கேட்டா, "நிறைய பேர் அதைத்தான் தேடுறாங்க சார், டிராபிக் வரும்"னு பதில். நாட்டுச்சர்க்கரையும் கரும்புச்சாறுதானுங்களே. அதுல இருக்கிறதும் பெரும்பாலும் அதே சர்க்கரைதான், ரத்தத்துல சர்க்கரையை ஏத்தத்தான் செய்யும். அந்த வரியை நம்பி ஒரு பெரியவர் தினம் ரெண்டு டம்ளர் காப்பியில கலந்து குடிச்சா யார் பதில் சொல்றது? கம்பெனிக்காரன் பேர் அதுல இல்லை. தம்பி பேரும் போன் நம்பரும்தான் இருக்கு.

"அந்தப் பக்கத்தை எடுத்துடு தம்பி"ன்னேன். "எடுத்தா ஆள் வர்றது குறையும்ங்கறாங்கண்ணா"ன்னார். குறைஞ்சா குறையட்டும். கடைசியில எடுத்துட்டார்.

அப்புறம் என்னதான் எழுதறது? எனக்குத் தெரிஞ்சு, அவருக்கு வர்ற போன்லயே எல்லாம் இருக்கு. 'ஏங்க இது இவ்வளவு கருப்பா இருக்கு, கடையில வாங்கினது மஞ்சளா இருந்துச்சே?' வாரம் நாலு பேராவது கேட்கறாங்க. அந்த மஞ்சள் நிறத்துக்காக ஹைட்ராஸ்னு ஒரு ரசாயனம் போடற பழக்கம் பல ஆலைகள்ல உண்டு. போடாம காய்ச்சினா பழுப்பா, கொஞ்சம் கருப்பாத்தான் இருக்கும். மண்ணைப் பொறுத்தும் கரும்பு ரகத்தைப் பொறுத்தும்கூட நிறம் மாறும். இதைக் கொப்பரை பக்கத்துல நிக்கிறவர் பத்து வரி எழுதினா, தேடி வர்ற ஒருத்தருக்குப் பதில் கிடைக்கும். தேடறவங்களுக்கு உபயோகமானதை மேல காட்டணும்னுதான் கூகுளும் சொல்லுது. டவுன்ல ஏ.சி. ரூம்ல உக்கார்ந்து எழுதற பையனுக்குப் பாகு பதம் என்ன தெரியும்?

வார்த்தை விஷயம் ஒண்ணு இருக்கு. இதை நான் ரொம்ப ரசிச்சேன். சர்ச் கன்சோல்னு கூகுள் இலவசமாத் தர்ற வசதியில, என்ன அடிச்சுத் தேடி நம்ம வெப்சைட் அவங்க கண்ணுல பட்டுச்சுன்னு பாக்கலாம். 'சக்கரை'ன்னு அடிக்கிறவங்க, 'சர்க்கரை'ன்னு அடிக்கிறவங்க, தமிழை ஆங்கில எழுத்துல அடிக்கிறவங்க, வெல்லப் பவுடர்னு தேடறவங்கன்னு ஏகப்பட்ட விதம். எங்க வாயில வர்ற பேர் ஒண்ணு, உங்க விரல்ல வர்ற பேர் வேற. அந்தப் பேர்களை இயல்பா எழுத்துல சேர்த்துக்கிட்டா போதும், ஒரே சொல்லை நாப்பது தடவை திணிக்க வேண்டியதில்லை.

கூகுள் மேப்புல கடையைப் பதிவு பண்றதும் இலவசம்தான். தேடினதுக்குப் பொருந்துதா, எவ்வளவு தூரம், எவ்வளவு பேருக்குத் தெரிஞ்ச கடைன்னு மூணையும் பாத்து அங்க வரிசை போடறாங்க. அதுலயும் காசு கொடுத்து மேல ஏற முடியாது. சரியான முகவரி, போன், திறக்கிற நேரம், ஆலைக் கொட்டகையோட நிஜப் படம் போட்டாலே பக்கத்து டவுன்காரங்க வழி கேட்காம வந்துடறாங்க.

இன்னொரு கொடுமையையும் சொல்லிடறேன். தம்பி ஒப்பந்தத்தை நிறுத்தினதும் வெப்சைட்டே காணாமப் போச்சு. என்னன்னு பாத்தா, டொமைனை அந்தக் கம்பெனி தன் பேர்லயே வாங்கி வச்சிருக்கு. பட்டா அடுத்தவன் பேர்ல இருக்கிற காட்டுல நம்ம காசுல கிணறு வெட்டின கதை. புதுப் பேர் வாங்கி முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டியதாப் போச்சு. பழைய வாடிக்கைக்காரங்க சேமிச்சு வச்ச லிங்க் எல்லாம் வீண். டொமைன் உங்க மெயில்ல, உங்க பேர்ல இருக்கான்னு இன்னிக்கே பாருங்க.

எல்லாரும் திருடங்கன்னு நான் சொல்லலை. படம் பெருசா இருந்து பக்கம் மெதுவாத் திறக்கிறது, செல்போன்ல எழுத்து சின்னதாத் தெரியறது, இதையெல்லாம் சரி பண்ண விவரம் தெரிஞ்ச ஆள் வேணும். அதுக்கு ஒருதடவை கூலி கொடுக்கலாம், தப்பே இல்லை. மாசாமாசம் எதுக்குன்னுதான் கேட்கறேன். பலன் தெரிய மாசக்கணக்காகும்னு முன்கூட்டியே சொல்றவர்கிட்ட வேலையைக் கொடுக்கலாம்.

உங்ககிட்டயும் ஒண்ணு கேட்கணும். ஊர்க்காரர் யார்கிட்டயாவது வாங்கினா, மேப்புல ரெண்டு வரி எழுதுங்க. நல்லா இல்லைன்னா அதையும் எழுதுங்க. அஞ்சு ஸ்டார் போட்டா கால் கிலோ சும்மான்னு எவராவது சொன்னா வாங்காதீங்க, அதுவும் கூகுள் விதிக்கு விரோதம். தம்பி இப்ப, மழைக்காலத்துல சர்க்கரை ஏன் கட்டி தட்டுது, ஈரம் படாம எப்படி வைக்கிறதுன்னு எழுதிக்கிட்டிருக்கார். அவர் சொல்லச் சொல்ல அவர் பொண்ணு டைப் பண்ணுது. ஐப்பசி மழை பிடிக்கிறதுக்குள்ள போட்டுடுவாங்க.