"என் கண்ணாலே பார்த்தேன் சார்!"

"என் கண்ணாலே பார்த்தேன்" என்று ஒருவன் அடித்துச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் நாம் பேசுவதில்லை. பார்த்தவனே சொல்றான், இன்னும் என்ன வேணும் என்று விட்டுவிடுகிறோம். என்னைக் கேட்டால், அங்கேதான் இன்னும் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். பார்த்து எத்தனை நாள் ஆச்சு? இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கே?

ஏனென்றால் நம் மூளை மெமரி கார்டு இல்லை. ஒன்றைப் பார்க்கும்போது நரம்பு செல்களுக்கு இடையே உள்ள இணைப்புகள் சில வலுப்படுகின்றன. மூளையின் உட்பகுதியில், கடற்குதிரை மாதிரி வளைந்திருக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பாகம் பார்த்தது, கேட்டது எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டுகிறது. 1953-ல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக அறுவை சிகிச்சை செய்து, இரண்டு பக்கமும் அந்தப் பாகத்தில் கணிசமான பகுதியை எடுத்துவிட்டார்கள். சின்ன வயது சங்கதிகள் அவருக்கு நினைவிருந்தன. ஆனால் புதிதாக நடந்த எதுவும் மனதில் தங்கவில்லை. 2008-ல் இறக்கும்வரை அப்படித்தான். இதில் நம்மைப் போன்ற ஒர்க்‌ஷாப் பசங்களுக்கு ஒரு சுவாரசியம் உண்டு. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நட்சத்திரம் வரையும் பயிற்சியில் அவர் கை நாளுக்கு நாள் தேறியது. பயிற்சி செய்ததுதான் நினைவில் இல்லை! ஃபைலிங் பழகிய கை ஃபைலிங்கை மறக்காது என்பது சும்மா பேச்சு இல்லை. கைப்பழக்கத்துக்கு மூளையில் இடம் வேறு.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒருமுறை பதிந்த நினைவு அப்புறம் அசையாது என்றுதான் பல காலம் நினைத்திருந்தார்கள். 2000-ல் நியூயார்க்கில் காரிம் நாடெர் குழுவினர் எலிகளுக்கு ஒரு சத்தம் கேட்கவைத்து, கூடவே ஷாக் கொடுத்தார்கள். பிறகு சத்தம் கேட்டாலே எலி பயந்து உறைந்து நின்றது. அந்தச் சத்தத்தை மறுபடி கேட்கவைத்து, பயம் கிளம்பிய உடனே, புரதம் உண்டாவதைத் தடுக்கும் மருந்தை மூளையில் செலுத்தினார்கள். பயம் பெரும்பாலும் போய்விட்டது! சத்தத்தை நினைவூட்டாமல் மருந்து மட்டும் கொடுத்தபோது ஒன்றும் ஆகவில்லை. அதாவது, நினைவை வெளியே எடுக்கும்போது அது இளகுகிறது. திரும்பவும் இறுக வேண்டியிருக்கிறது. நம் பாஷையில் சொன்னால், காய்ச்சிய இரும்பு. அந்த நேரத்தில் எது பட்டாலும் தடம் விழும்.

மனிதர்களிடம் என்ன நடக்கிறது? 1986 ஜனவரி 28-ல் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. மறுநாளே உல்ரிக் நைசர் என்ற பேராசிரியர், செய்தி கேட்டபோது எங்கே இருந்தீர்கள், யார் சொன்னார்கள் என்று தம் மாணவர்களிடம் எழுதி வாங்கிவிட்டார். சுமார் இரண்டரை வருஷம் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதையே கேட்டார்கள். 11 பேர் சொன்னது அடியோடு தப்பு. 3 பேர்தான் முழுக்கச் சரி. தப்பாகச் சொன்னவர்களும் நல்ல உறுதியோடுதான் சொன்னார்கள். அவர்கள் கையெழுத்தையே காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை.

கேட்கிற விதமே கெடுக்கும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் 1974-ல் வெளியிட்ட சோதனையில் மாணவர்களுக்கு ஒரு கார் விபத்துப் படம் காட்டினார்கள். 50 பேரிடம் "கார்கள் மோதி நொறுங்கியபோது என்ன வேகம்?" என்றும், வேறு 50 பேரிடம் "இடித்தபோது என்ன வேகம்?" என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்றபோது "நொறுங்கிய" கூட்டத்தில் 16 பேர் ஆமாம் என்றார்கள். "இடித்த" கூட்டத்தில் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது!

இதையெல்லாம் நான் சும்மா எழுதவில்லை. சென்ற ஆண்டு எங்கள் டர்னிங் ஷாப்பில் யாரோ லேத்தில் சக் கீயை எடுக்காமல் விட, இன்னொருவன் சுவிட்ச் போட, அது பறந்துபோய் ஜன்னலில் அடித்தது. நல்லவேளை, யார் மேலும் படவில்லை. விசாரணை நடந்தது மூன்று வாரம் கழித்து. அதற்குள் கேன்டீன், ஹாஸ்டல், பஸ் எல்லா இடத்திலும் அந்தக் கதை ஓடித் தேய்ந்துவிட்டது. கேட்ட கேள்வியும் "சாவியை விட்டுட்டு ஓடின பையன் யாரு?" இரண்டு பேர் ஒரே பெயரைச் சொன்னார்கள். அவன் அபராதம் கட்டினான், இன்டர்னல் மார்க்கும் போனது. அவன் செய்தானா இல்லையா, எனக்குத் தெரியாது. நான் அப்போது டூல் ரூமில் இருந்தேன். சாட்சி சொன்ன இருவரும் பொய்யர்கள் என்றும் நான் சொல்லமாட்டேன். அவர்களுக்கு அது உண்மையாகவே கண்ணில் தெரிந்திருக்கும். சிக்கலே அதுதான்.

நினைவெல்லாம் பொய்யா என்று கேட்பீர்கள். இல்லை. நடந்ததன் சாரம் பெரும்பாலும் நிற்கும். யார், எப்போது, எந்தப் பக்கம் என்கிற விவரங்கள்தான் நழுவும். தண்டனையோ அந்த விவரத்தை வைத்துத்தான் கொடுக்கப்படுகிறது! கேமரா இருக்கே என்பவர்களுக்கு: எங்கள் ஷாப்பில் அது வாசலைத்தான் பார்க்கிறது.

ஆகவே நம் சங்கம் நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு ஷாப்பிலும், லேபிலும் ஒரு நோட்டு. ஏதாவது நடந்தால், ஷாப்பை விட்டு வெளியேறும் முன், ஒருவரோடு ஒருவர் பேசாமல், அவரவர் தனித்தனியாக நான்கு வரி எழுத வேண்டும்: மணி என்ன, நான் எங்கே நின்றேன், என்ன பார்த்தேன், எதைப் பார்க்கவில்லை. எழுதிய பிறகு இன்ஸ்ட்ரக்டர் உட்பட யாரும் அதைத் திருத்தக்கூடாது. விசாரணை எப்போது வேண்டுமானாலும் நடக்கட்டும், அந்த நோட்டை முதலில் படித்துவிட்டுக் கேள்வி கேட்கட்டும். நாற்பது ரூபாய் நோட்டு. நிர்வாகத்தால் முடியாவிட்டால் நாமே வாங்கித் தரலாம்.