பேக்கப் இருக்குல்ல, அப்புறம் என்ன?

வடக்கே வந்து குடியேறின நம்மாளுங்க எல்லாருக்கும் இந்த வசனம் மனப்பாடம். கரண்ட் போனா இன்வெர்ட்டர் ஓடும், சீரியல் நிக்காது. வீட்டுல இந்த அலட்சியத்தால பெருசா ஒண்ணும் போயிடாது. ஆனா சின்ன விமானங்கள்லயும் இதே நினைப்புதான் ஓடுதுன்னா, அதைக் கண்டிச்சுத்தான் ஆகணும்.

1983 அக்டோபர் 11 ராத்திரி. அமெரிக்காவுல ஏர் இல்லினாய்ஸ் விமானம் ஒண்ணு ஸ்பிரிங்ஃபீல்டுலேர்ந்து கார்பண்டேலுக்குக் கிளம்புச்சு. ஹாக்கர் சிட்லி 748 ரகம். 'ஆவ்ரோ'ன்னு சொல்வோமே, நான் வேலை பாக்குற இந்தக் கான்பூர்ல எச்.ஏ.எல். தயாரிச்ச அதே ரகம்தான். கிளம்பின ரெண்டு நிமிஷத்துக்குள்ள இடது ஜெனரேட்டர் பழுது. துணை விமானி தவறுதலா, நல்லா இருந்த வலது ஜெனரேட்டரைத் துண்டிச்சிட்டார். அது திரும்ப இணையவே இல்ல. மிச்சம் பேட்டரி மட்டும்.

கிளம்பின ஊர் பக்கத்துலயே இருந்துச்சு. கேப்டன் திரும்பல. முக்கால் மணி நேரப் பயணத்தைத் தொடர்ந்தார். அரை மணி தாண்டினதும் பேட்டரி காலி. எஞ்சின் ரெண்டும் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சுங்க! ஆனா இருட்டுல, மேகத்துல, விமானம் சாய்ஞ்சிருக்கா நேரா இருக்கான்னு காட்டுற கருவி அணைஞ்சு போச்சு. 10 பேரும் செத்துட்டாங்க.

விசாரணை வாரியம் முதல் காரணமாச் சொன்னது ஜெனரேட்டரை இல்ல, திரும்பாம தொடர்ந்து போன முடிவை.

பேங்க்காரன் பாஷைல சொல்றேன். பேட்டரிங்கிறது சம்பளம் இல்ல, எஃப்.டி. வேலை போனவன் அதை உடைச்சு வாடகை கட்டலாம், அடுத்த வேலை தேடலாம். ஊட்டிக்கு டூர் போகலாமா?

"சட்டப்படி பேட்டரி இருக்கே"ன்னு ஒரு வாதம் வரும். 2017ல மாத்தி எழுதறதுக்கு முன்னாடி இருந்த அமெரிக்க விதி, சின்ன விமானத்துல அத்தியாவசியக் கருவிகளுக்குப் பேட்டரி குறைஞ்சது 30 நிமிஷம் தாங்கணும்னு சொல்லுச்சு. மின்சாரம் போனதை விமானி கண்டுபிடிச்சு, வேண்டாததை அணைக்கிற நேரமும் அந்த 30க்குள்ளேயே அடக்கம்! பேட்டரி வயசாக வயசாகக் கொள்ளளவு குறையும்கிறது தனிக்கதை. வோல்ட் மீட்டரை நம்பினா, அது கடைசி வரைக்கும் ஓரளவு நல்லாவே காட்டிட்டு திடீர்னு விழும்.

பழைய சின்ன விமானங்கள்ல இந்தச் சாய்வு காட்டுற கருவி பெரும்பாலும் எஞ்சினோட ஓடுற வேக்குவம் பம்ப்ல இயங்குச்சு. கரண்ட் போனாலும் அது இருக்கும். இப்ப எல்லாமே திரை. அதனால நான் கேக்கறது மூணுதான். ஒண்ணு, சாய்வு காட்டுற கருவிக்குள்ளேயே தனி பேட்டரி. உள்ளங்கை அளவுல வந்தாச்சு, எடை கூடும்னு சாக்கு சொல்லாதீங்க. ரெண்டு, வோல்ட் இல்ல, மிச்சம் எத்தனை நிமிஷம்னு காட்டணும். மூணு, பேட்டரியில ஓட ஆரம்பிச்சா பக்கத்துல இருக்குற தளத்துலதான் இறங்கணும். பேச்சே கிடையாது.

இனிமே யாராச்சும் "பேக்கப் இருக்குல்ல"ன்னு சொன்னா, "எத்தனை நிமிஷத்துக்கு?"ன்னு கேளுங்க. பதில் தெரியலேன்னா, இல்லேன்னே வச்சுக்கோங்க.