ஆளுக்கு ஓர் உண்மையா?

அன்னூர் வட்டாரப் பஞ்சாலைகளில் வடநாட்டுத் தொழிலாளர்கள் பலர் வேலை செய்கிறார்கள். 2023 மார்ச் மாதம் கோவை, திருப்பூர் பக்கம் ஒரே பீதி! தமிழ்நாட்டில் பீகார்காரர்களை வெட்டுகிறார்கள் என்று செல்போனில் படங்கள் பரவின. பலர் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் ஏறினார்கள்.

அவை என்ன படங்கள்? ஒன்று, திருப்பூரில் பீகார்காரர்களுக்குள்ளேயே நடந்த சண்டை. இன்னொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்கள் மோதிக்கொண்டது. போலீஸ் டி.ஜி.பி. சைலேந்திர பாபு இதை விளக்கினார். பீகார் அதிகாரிகளும் நேரில் வந்து விசாரித்துத் திருப்தி தெரிவித்தார்கள்.

"உங்களுக்குப் பொய், எங்களுக்கு உண்மை" என்று சொல்ல முடியுமா? கூலி போதுமா என்பதில் கருத்து மாறலாம். வெட்டு விழுந்ததா என்பதற்கு இரண்டு பதில் கிடையாது.

அவரவர் நினைப்பதே உண்மை என்னும் போக்கு சர்வாதிகாரமாக வளர்கிறது என்று 2005 ஏப்ரல் 18-ல் கார்டினல் ராட்சிங்கர் எச்சரித்தார். மறுநாள் அவரே போப்பாண்டவர் 16-ம் பெனடிக்ட் ஆனார்.

உண்மை கடவுளுடையது, நம் இஷ்டத்துக்கு வளையாது என்பது கிறிஸ்தவர் நம்பிக்கை. அயலானுக்கு எதிராகப் பொய்ச்சாட்சி கூடாது என்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. பக்கத்து மிஷினில் நிற்கும் பீகார் பையனும் அயலான்தானே? அந்தக் கட்டளை கோர்ட்டுக் கூண்டுக்கு மட்டுமல்ல, செல்போனுக்கும் உண்டு. விசாரிக்காமல் படத்தைத் தள்ளிவிடுவதில் சர்ச்சுக்குப் போகிறவர்களும் மற்றவர்களுக்கு இளைத்தவர்கள் அல்ல!