தோட்ட எல்லையில் நிற்கும் தார்

பதுளை நகர வீதிகளுக்குத் தார் பூசுவதை நாம் குறைகூறவில்லை. வெடிப்புக் காணத் தொடங்கிய வீதியின்மீது மெல்லிய தார்ப்பூச்சிட்டுச் சிறுகல் தூவினால் மழைநீர் உள்ளிறங்காது, அடித்தளம் பிழைக்கும். சில ஆண்டுகளுக்கொருமுறை செய்யவேண்டிய சிக்கனமான பணி அது. அதனை ஒப்பந்தகாரர் செய்தாலென்ன, சபைத் தொழிலாளர் செய்தாலென்ன?

நம் கேள்வி வேறு. பசறையிலும் நமுனுகுலையிலும் அந்தத் தார் பெரும்பாலும் தோட்ட எல்லையோடு நின்றுவிடுவதேன்? தோட்டத்து வீதி கொழுந்துக்காக வெட்டப்பட்டது. லயத்து மனிதருக்காக அன்று. பிரசவ வேதனையில் துடிப்பவளும் அக்குழிகளைத் தாண்டியே ஆஸ்பத்திரி சேரவேண்டும்.

1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டியே தோட்டங்களுக்குச் சபைநிதி மறுக்கப்பட்டது. வாக்குக் கேட்க வந்தோருக்கு மட்டும் அந்த எல்லை கண்ணிற் படவில்லை! 2018இல் அப்பிரிவு திருத்தப்பட்டது. இனிச் சட்டத்தின் பின்னே ஒளிய இடமில்லை. ஆயினும் சபை கம்பனியைக் காட்டும், கம்பனி சபையைக் காட்டும். 1992இல் கம்பனிகளிடம் போனது நிர்வாகம், நிலம் அரசினுடையதே.

இதில் ஒரு சூழ்ச்சியும் உண்டு. தேர்தல் நெருங்கினால் தோட்டத்துக்கும் ஒரு பூச்சு வந்து சேரலாம். கானில்லாத மலைச்சரிவில், உடைந்த கல்மீது பூசிய தார் எத்தனை மழைக்குத் தாங்கும்? பூசிய பரப்புக்கே பணம் என்றால் கானை யார் வெட்டுவார்? ஆகவே அடுத்த ஒப்பந்தப் பட்டியலில் கானும் கல்லடித்தளமும் முதலில் எழுதப்படட்டும். தார் அதன்பின் வரட்டும். தோட்ட வீதியின் பெயரும் அப்பட்டியலில் இருக்கட்டும்.