நீட் இரண்டாம் முறை: அந்த ஓராண்டு யார் பொறுப்பு?

கள்ளக்குறிச்சியை அடுத்த சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2022 ஜனவரி 12 அன்று பிரதமர் திறந்துவைத்த 11 கல்லூரிகளில் அதுவும் ஒன்று. ஆண்டுக்கு 150 எம்பிபிஎஸ் இடங்கள். கல்வராயன் மலையில் உள்ள வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக இறங்கும் பேருந்தைப் பிடித்தால் ஒரே பகலில் போய்த் திரும்பிவிடலாம். அதே கல்லூரிக்குக் கல்வராயன் மலைப் பிள்ளை மாணவராகப் போக, 720 மதிப்பெண்ணுக்கான நீட் தேர்வைத் தாண்டியாக வேண்டும். பெரும்பாலும் ஒரு முறை எழுதினால் போதாது.

நீட்டின் தாக்கத்தை ஆராய்ந்த நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-ல் கொடுத்த அறிக்கையில் இதற்கான கணக்கு இருக்கிறது. தமிழ்நாட்டில் மருத்துவ இடம் பெற்றவர்களில், பள்ளி முடித்த ஆண்டிலேயே சேராமல் அடுத்தடுத்த ஆண்டுகளில் முயன்று வந்தவர்கள் நீட்டுக்கு முந்தைய 2016-17-ல் 12.47 சதவீதம். 2020-21-ல் 71.42 சதவீதம். பிளஸ் டூவுக்குப் பிறகு எழுதப்படாத பதிமூன்றாம் வகுப்பு ஒன்று உருவாகிவிட்டது என்பதே இதன் பொருள். வசதியுள்ள குடும்பங்கள் அந்த வகுப்பை நாமக்கல்லிலும் சேலத்திலும் பணம் கட்டி வாங்குகின்றன. மரவள்ளி போட்டுப் பிழைக்கும் மலைக் குடும்பத்துக்கு அந்த வகுப்பு எங்கே நடக்கிறது?

எங்கேயும் நடக்கவில்லை. அரசுப் பள்ளியில் படிக்கும்வரை பிள்ளைக்கு ஏதோ ஒரு பிடிமானம் இருக்கிறது. வெள்ளிமலையில் ஏகலைவா உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது; மலைக் கிராமங்களில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. 2017-18-ல் 412 மையங்கள் என்று அறிவித்துத் தொடங்கிய அரசின் இலவச நீட் பயிற்சியும் பள்ளி மாணவர்களை மனதில் வைத்ததுதான். ஜூனில் நீட் முடிவு வரும்போது அந்தப் பிள்ளை எந்தப் பள்ளியின் மாணவரும் அல்ல. விடுதிக் கட்டில் இல்லை, சந்தேகம் கேட்க ஆசிரியர் இல்லை. வீட்டிலிருந்தால் கிழங்கு பிடுங்க ஆள் வேண்டும். பெற்றோர் வெளியூர் வேலைக்குக் கிளம்பினால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

சட்டம் அந்தப் பிள்ளையைக் கைவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 6-ஆம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. இரண்டாம் முறை எழுதுபவருக்கும் அது உண்டு. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நீட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். மேல் வயது வரம்பும் 2022-ல் எடுக்கப்பட்டுவிட்டது. கதவு திறந்துதான் இருக்கிறது. அந்த ஓராண்டைத் திட்டமிட்டு நடத்திக்கொடுக்கத்தான் யாரும் இல்லை.

அப்படி விடப்பட்ட பிள்ளை என்ன செய்யும்? பதினோராம் வகுப்பு இயற்பியலை முதல் பாடத்திலிருந்து மறுபடி திறக்கும். அளவீடுகளும் இயக்கவியலும் மூன்றாம் முறையாகப் படிக்கப்படும். மின்காந்தவியலும் ஒளியியலும் மறுபடி ஏப்ரலுக்குத் தள்ளிப்போகும். முதல் முறை எங்கே சறுக்கியதோ அங்கேயே இரண்டாம் முறையும் சறுக்கும்.

திட்டம் புத்தகத்திலிருந்து தொடங்கக் கூடாது, பழைய விடைத்தாளிலிருந்து தொடங்க வேண்டும். கேள்வித்தாளை மாணவர் வீட்டுக்கு எடுத்துவரலாம். அவர் நிரப்பிய ஓஎம்ஆர் தாளின் நகலையும் விடைக் குறிப்பையும் தேசியத் தேர்வு முகமை இணையத்தில் வெளியிடுகிறது. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 180 கேள்விகளையும் ஒவ்வொன்றாகப் பார்க்க இரண்டு நாள் போதும். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் எழுத வேண்டும்: பாடமே தெரியாதா, அரைகுறையாகத் தெரியுமா, தெரிந்தும் தப்பாகப் போட்டதா?

சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழியும். ‘தெரியாததைத் தொடாதே’ என்பது எல்லாரும் சொல்லும் அறிவுரை. கணக்குப் போட்டால் வேறு விஷயம் தெரிகிறது. நான்கு கேள்விகளுக்குக் கண்ணை மூடிக்கொண்டு விடை குறித்தால் சராசரியாக ஒன்று சரியாகும், மூன்று தப்பும். 4-ல் 3 போக 1 மிச்சம். பெரிய லாபமும் இல்லை, பெரிய நஷ்டமும் இல்லை. மதிப்பெண் ஒழுகுவது தெரிந்த கேள்விகளில்தான். அங்கே தப்பினால் வர வேண்டிய 4 வராது, கையிலிருக்கும் 1-ம் போகும், ஆக 5. ‘தவறான கூற்று எது’ என்பதை ‘சரியான கூற்று எது’ என்று படித்தது, சென்டிமீட்டரை மீட்டராக மாற்ற மறந்தது, 87-ஆம் கேள்வியின் விடையை 88-ன் வட்டத்தில் நிரப்பியது. இப்படி 20 கேள்விகள் போனால் 100 மதிப்பெண் போய்விடும். புதிதாக ஒரு பாடம்கூடப் படிக்காமல் மீட்கக்கூடிய 100 மதிப்பெண் அது. அதை மீட்க வழி, கடிகாரம் வைத்து, ஓஎம்ஆர் தாளில், பகல் 2 மணி முதல் 5 மணி வரை எழுதும் மாதிரித் தேர்வுகள். கைப்பேசியில் விரலால் தொட்டு எழுதும் தேர்வு இந்தப் பழக்கத்தைத் தராது.

அடுத்தது பாடங்களின் எடை. உயிரியலுக்கு 360, வேதியியலுக்கு 180, இயற்பியலுக்கு 180. தமிழ் வழியில் படித்த பிள்ளை உயிரியலை முதலில் உறுதிப்படுத்திக்கொண்டு, இயற்பியலில் எல்லாவற்றையும் தொடாமல் சில பாடங்களை முழுதாகக் கைக்குள் கொண்டுவருவதே நல்லது.

தமிழில் எழுதுபவருக்கு இன்னொரு பயிற்சியும் கட்டாயம். கேள்வித்தாளில் தமிழும் ஆங்கிலமும் இருக்கும். இரண்டுக்கும் முரண் வந்தால் ஆங்கிலமே இறுதி. 2018-ல் தமிழ்க் கேள்வித்தாளில் 49 கேள்விகள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டன என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதே ஆண்டில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. தவறு யாருடையதாக இருந்தாலும் மதிப்பெண் போனது பிள்ளைக்குத்தான். அதனால் உயிரியல், வேதியியல் சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணையாகப் படித்துவைக்க வேண்டும். தினம் பத்துச் சொல் என்றாலும் தேர்வுக்குள் பாடநூல் முழுவதையும் கடந்துவிடலாம்.

முன்னேற்றத்தை மதிப்பெண்ணால் அளப்பதும் பிள்ளைகளை வீணாக நொறுக்கிவிடுகிறது. 2024-ல் முதலிடத்தில் இருந்தவர்களின் மதிப்பெண் 720; 2025-ல் 686. பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கான தகுதி மதிப்பெண் 127-லிருந்து 113-க்கு இறங்கியது. 2024-ல் 300 வாங்கியவர் 2025-ல் 290 வாங்கியிருந்தால் அவர் பின்தங்கிவிட்டார் என்று சொல்ல முடியாது; தரவரிசையைப் பார்த்துத்தான் பேச வேண்டும். தகுதி பெறுவது வேறு, இடம் கிடைப்பது வேறு என்பதையும் முடிவு வந்த அன்றே குடும்பத்துக்குப் புரியவைக்க வேண்டும்.

வீட்டிலேயே அடைந்து கிடந்துதான் இரண்டாம் முறை எழுத வேண்டும் என்பதும் இல்லை. கால்நடை மருத்துவம், வேளாண்மை, செவிலியர் படிப்பு ஆகியவற்றில் மாநில இடங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே கிடைக்கின்றன. அவற்றுக்கு விண்ணப்பித்துவிட்டு நீட்டுக்குப் படிப்பது கோழைத்தனம் அல்ல. எத்தனை முறை என்று முன்கூட்டியே முடிவுசெய்துகொள்வதும் திட்டத்தின் ஒரு பகுதிதான்.

நீட்டிலிருந்து விலக்கு கேட்டு 2021-லும் 2022-லும் சட்டப்பேரவை மசோதா நிறைவேற்றியது. ஒன்றிய அரசு அதை நிராகரித்துவிட்டதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் பேரவையில் அறிவித்தார். அந்தப் போராட்டம் நியாயமானது, தொடரட்டும். அதற்காக இந்த ஆண்டு இரண்டாம் முறை எழுதும் பிள்ளையைக் காத்திருக்கச் சொல்ல முடியாது.

1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்த மலை இது. இங்கே பல வீடுகளில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் ஆள் இப்போதுதான் வருகிறார். திறமைக்குக் குறைவில்லை: மலையின் சேலம் மாவட்டப் பக்கத்தில், கருமந்துறை அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த மாணவி ஒருவர் 2025-ல் சென்னை ஐஐடியில் இடம் பிடித்தார். கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் நேர்ந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. சாலையும் மருத்துவ வசதியும் பேசப்பட்டன. அந்தப் பட்டியலில் இந்த ஓராண்டும் சேர வேண்டும்.

மாவட்ட நிர்வாகம் செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. வெள்ளிமலையில் ஏதேனும் ஓர் உண்டு உறைவிடப் பள்ளியில், போன ஆண்டு பிளஸ் டூ முடித்தவர்களுக்கென்று ஓர் அறை, ஜூன் முதல் மே வரை கட்டில், மூன்று வேளைச் சாப்பாடு. இயற்பியலுக்கு ஓர் ஆசிரியர், மாதம் இரண்டு ஓஎம்ஆர் தேர்வு. நீட் எழுதி முடித்த பிறகும் உதவி தேவை: விடைக் குறிப்பை எதிர்த்து முறையிட முகமை சில நாட்களே அவகாசம் தருகிறது. அதுவும் இணையத்தில், கேள்விக்கு 200 ரூபாய் கட்டி. சிக்னல் கிடைக்காத ஊர்ப் பிள்ளைக்கு அந்த நாட்களில் ஒரு கணினியும் பக்கத்தில் உட்கார ஓர் ஆசிரியரும் வேண்டும். அடுத்த முடிவு வருவதற்குள் மாவட்ட ஆட்சியர் இதற்கான உத்தரவைப் பிறப்பிக்கலாம்.