ராஜாவைப் பிடிக்கும், சரி... எதுக்காகப் பிடிக்கும்?

தசரா லீவுக்கு என் மகள் ஒரு ஹோம்வொர்க்கோடு வந்தாள். ஏழாம் வகுப்பு. கன்னடத்தில் பத்து வரி எழுத வேண்டுமாம். தலைப்பு: மைசூர் அரச குடும்பத்தில் உனக்கு மிகவும் பிடித்தவர் யார், ஏன்?

பத்து வரிதானே என்று நான் பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அதனால் வந்த வினைதான் இந்தப் பதிவு :-)

முதலில் வீட்டிலேயே வாக்கெடுப்பு நடத்தினாள். அவளுடைய ஓட்டு யதுவீருக்கு. "பார்க்க நல்லா இருக்கார்ப்பா, நல்லா பேசறார்." தங்கமணிக்கு எந்த ராணியானாலும் சரி, மைசூர் சில்க் கட்டியிருந்தால் போதும். கீழ் போர்ஷனில் இருக்கும் தாத்தா, மில்லில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அவருடைய அப்பா காலத்திலேயே பிழைப்பு தேடி இந்த ஸ்ரீராம்புரத்துக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். அவர் ஜெயசாமராஜ உடையார் கட்சி. சின்ன வயசில் மைசூருக்குப் போய், தசரா ஊர்வலத்தில் ராஜா யானை மேல் போனதைக் கண்ணால் பார்த்தவர். "என்னா களை தெரியுமா சார்" என்று இன்றைக்கும் கையைக் கூப்பிக்கொண்டுதான் சொல்வார்.

சரி, இதெல்லாம் பிரியம். பிரியத்துக்கு ஆடிட் கிடையாது. விட்டுவிடுவோம்.

மறுநாள் ஆபீசில் டீ டயத்தில் இதைச் சொன்னேன். என் கூட வேலை பார்ப்பவர், நம்மூர்க்காரர்தான், உடனே ஆரம்பித்துவிட்டார். "இதுல என்ன சார் சந்தேகம்? நால்வடி கிருஷ்ணராஜ உடையார்தான். கரண்ட் அவர், கே.ஆர்.எஸ். அணை அவர், யூனிவர்சிட்டி அவர், பேங்க் அவர். இப்ப இருக்கற அரசியல்வாதிங்களுக்கு ராஜா ஆட்சியே தேவலை."

இவர் ஒவ்வொரு ஜூன் 4-ஆம் தேதியும், அதாவது நால்வடியின் பிறந்தநாளன்று, அவர் படத்தை வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைப்பவர். அதே வாட்ஸப்பில் வாரம் ஒரு முறை "கோட்டாவால நாடு நாசமாப் போச்சு, தகுதிக்கு மதிப்பே இல்லை" என்று ஃபார்வர்டும் அனுப்புபவர்.

என் கோபம் இங்கேதான் ஆரம்பம்.

நான் பி.காம். படித்தவன். வரலாறு என் துறை இல்லை. ஆனால் எது பற்று, எது வரவு, என்ட்ரி யார் பேரில் விழுந்திருக்கிறது, எந்தத் தேதியில் விழுந்திருக்கிறது என்று பார்ப்பது என் பிழைப்பு. அப்படியே இதையும் பார்த்துவிடுவோம்.

முதல் என்ட்ரி, கரண்ட். காவிரியில் சிவனசமுத்திரம் மின்நிலையத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் போனது 1902 ஜூன் மாதக் கடைசியில். நால்வடிக்கு முழு அதிகாரம் கைக்கு வந்தது 1902 ஆகஸ்ட் 8. தேதியைப் பாருங்கள். அது அவர் கணக்கில் வராது!

பின்னே யார் கணக்கு? அவருடைய அம்மா கணக்கு. 1894 டிசம்பரில் பத்தாம் சாமராஜேந்திர உடையார் கல்கத்தாவில் தொண்டை அடைப்பான் நோயில் இறந்துபோனார். மூத்த மகனுக்கு வயது பத்து. விதவையான கெம்பநஞ்சம்மண்ணி, முப்பது வயதுகூட ஆகாத பெண், 1895-லிருந்து 1902 வரை ரீஜண்டாக இருந்து ராஜ்ஜியத்தைப் பார்த்துக்கொண்டார். விக்டோரியா ஆஸ்பத்திரி அவர் காலத்தில் வந்தது. 1898-ல் பெங்களூரைப் பிளேக் சூறையாடியபோது, நெரிசலை விட்டு ஜனங்கள் வெளியே போய்க் குடியிருக்க மல்லேஸ்வரமும் பசவனகுடியும் உருவானது அவர் காலத்தில். அவருடைய பட்டப்பெயர் வாணி விலாச சன்னிதானம். இந்த ஊரில் பாதிப் பேர் வாணி விலாஸ் ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள். அந்த வாணி விலாஸ் யார் என்று பத்துப் பேரைக் கேளுங்கள், எத்தனை பேர் சொல்கிறார்கள் பார்ப்போம்.

அவரும் தனியாகச் செய்யவில்லை. திவான் சேஷாத்ரி ஐயர் இருந்தார். நம் பக்கத்து ஏரியா சேஷாத்ரிபுரம் அவர் பெயரில்தான் இருக்கிறது. இன்னொன்று, அந்தக் கரண்ட் முதலில் போனது ஜனங்கள் வீட்டுக்கு இல்லை. வெள்ளைக்காரக் கம்பெனி நடத்திய தங்கச் சுரங்கத்துக்கு. அந்தச் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் நம் பக்கத்திலிருந்து போன ஏழைகள். பெங்களூர் தெருவில் விளக்கு எரிய 1905 ஆனது.

இரண்டாவது, கே.ஆர்.எஸ். 1911-ல் வேலை ஆரம்பித்தார்கள். நகையை விற்று அணை கட்டினார் என்று சொல்லிக் கண் கலங்குவார்கள். கலங்கட்டும். ஆனால் ராஜா வீட்டு நகை எங்கிருந்து வந்தது? ராகி விதைத்தவன் கட்டிய வரியிலிருந்துதானே? ஜனங்களின் பணம் ஜனங்களிடம் திரும்பி வந்தால் அது நல்ல நிர்வாகம். சந்தோஷம். தியாகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

மூன்றாவது, பேங்க். 1913-ல் மைசூர் பேங்க், 1916-ல் மைசூர் பல்கலைக்கழகம். இரண்டும் அவர் காலம், விஸ்வேஸ்வரய்யா திவானாக இருந்த காலம். தொழிலில் இருப்பவன் என்பதால் பேங்க் விஷயத்தில் எனக்கே கொஞ்சம் உருகும். 2017-ல் அது ஸ்டேட் பேங்கோடு இணைந்தபோது இந்த ஊர்க்காரர்கள் வருத்தப்பட்டது எனக்குப் புரிந்தது. ஆனாலும் யோசித்துப் பாருங்கள். பேங்க், பல்கலைக்கழகம், தொழிற்சாலை எல்லாம் புத்திசாலி திவான் ஒருவர் இருந்தால் வேறொரு ராஜா காலத்திலும் வந்திருக்கலாம்.

அப்படியென்றால், அந்த ராஜா வேண்டாம் என்று தலையாட்டியிருந்தால் நடந்தே இருக்காது என்று ஒரு என்ட்ரி இருக்கிறதா?

இருக்கிறது. 1918.

மைசூர் அரசாங்க உத்தியோகங்களில் பிராமணர்கள்தான் மிகப் பெரும்பான்மை. மற்ற சாதியார் 1917-ல் பிரஜாமித்ர மண்டலி என்று ஓர் அமைப்பு கண்டு, எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று ராஜாவிடமே போய்க் கேட்டார்கள். பக்கத்தில் சென்னையில் நீதிக்கட்சி தொடங்கி அப்போதுதான் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்தக் காற்று இங்கேயும் அடித்தது.

ராஜா 1918-ல் தலைமை நீதிபதி சர் லெஸ்லி மில்லர் தலைமையில் ஒரு கமிட்டி போட்டார். திவான் விஸ்வேஸ்வரய்யாவுக்கு இதில் உடன்பாடு இல்லை. தகுதி கெடும், நிர்வாகம் கெடும் என்பது அவர் கவலை. (எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதா? அதேதான்.) அவர் சாமானியர் இல்லை, கெட்டவரும் இல்லை. இந்த ராஜ்ஜியத்துக்கே கிடைத்த மிகச் சிறந்த நிர்வாகி. அவர் பதவியை விட்டுப் போனார். ராஜா கமிட்டியை விடவில்லை.

1919-ல் அறிக்கை வந்தது. ஏழு வருஷத்துக்குள் மேல்மட்ட உத்தியோகங்களில் பாதியும், கீழ்மட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கும் பிராமணரல்லாத மற்ற சமூகங்களுக்குப் போக வேண்டும் என்றது. 1921-ல் அரசு ஆணை வந்தது. கோலாப்பூரில் ஷாஹு மகாராஜா 1902-லேயே பாதி இடங்களை ஒதுக்கியிருந்தார். அந்த வரிசையில் வைக்க வேண்டிய பெயர் நால்வடி.

இப்போது அந்த ஸ்டேட்டஸ் நண்பருக்கு என் கேள்வி. உமக்குப் பிடித்த ராஜா, தன்னுடைய மிகச் சிறந்த திவானை இழந்தாலும் பரவாயில்லை என்று செய்த காரியம் எதுவோ, அதைத்தான் நீர் வாராவாரம் திட்டுகிறீர். அப்புறம் அவர் படம் உமக்கு எதற்கு? தலைப்பாகை அழகாக இருக்கிறது என்றா?

சரி, பற்றுப் பக்கத்தையும் மறைக்கக் கூடாது. 1938 ஏப்ரலில் விதுராஸ்வத்தத்தில் தடையை மீறிக் காங்கிரஸ் கொடி ஏற்றக் கூடிய ஜனங்கள் மீது போலீஸ் சுட்டது. பலர் செத்தார்கள். கோலார் மாவட்டம், நால்வடி ஆட்சி. "ராஜரிஷி" என்று காந்தி சொன்னதாகப் பெருமையாகச் சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. தாத்தாவுக்குப் பிடித்த ஜெயசாமராஜர் மகா ரசிகர், நல்ல கீர்த்தனைகள் எழுதியவர். பின்னால் 1964-லிருந்து 1966 வரை நம் சென்னைக்கே கவர்னராக இருந்தார். ஆனால் நாடு சுதந்திரம் அடைந்த பிறகும், 1947 செப்டம்பரில், மக்களாட்சி கொடு என்று 'மைசூர் சலோ' நடத்தி ஜனங்கள் ஜெயிலுக்குப் போக வேண்டியிருந்தது அவர் ராஜ்ஜியத்தில்தான். அதற்கப்புறம்தான் அக்டோபரில் கே.சி. ரெட்டி முதல் மந்திரி ஆனார்.

"ராஜா ஆட்சியே தேவலை" என்பவர்களுக்கு இந்த இரண்டு வருஷமும் போதும். ராஜா நல்லவராக இருந்தால் உமக்கு அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் என்ன செய்வீர்? யதுவீர் இன்றைக்கு எம்.பி. 2024-ல் ஜனங்களிடம் போய் ஓட்டுக் கேட்டு வந்தார். பிடிக்காவிட்டால் அடுத்த தேர்தலில் மாற்றலாம். அந்த வசதியை விட்டுவிட்டா பழையது தேவலை என்கிறீர்?

இவ்வளவு சூடு எனக்கு எதற்கு என்று கேட்கலாம். சொல்கிறேன்.

நான் நாகர்கோவில்காரன். 1956 வரை எங்கள் ஊர் திருவிதாங்கூர். எங்களுக்கும் ஒரு ராஜ குடும்பம் இருந்தது. அந்த ராஜ்ஜியத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் தோளில் துணி போடக் கூடாது. அதற்காக அடியும் உதையும் பட்டுப் போராடி, 1859-ல் ராஜா உத்தரவு போட்டார். அதுவும் சென்னை கவர்னர் நெருக்கியதால். அந்த உத்தரவிலும் ஒரு வால் இருந்தது: மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது. என் ஆச்சிக்கு அவள் பாட்டி சொன்ன கதை இது.

அந்த ஆச்சிதான் சித்திரைத் திருநாள் மகாராஜாவைக் கடைசி வரை "பொன்னுதம்புரான்" என்றே சொன்னாள். 1936 நவம்பர் 12-ல் அவர் கோயில் நுழைவுப் பிரகடனம் போட்டபோது ஆச்சிக்கு எட்டு வயசு. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு சுசீந்திரம் கோயிலுக்குள் அவள் முதன்முதலாகக் கால் வைத்தது அதற்கப்புறம்தான். காலேஜ் படிக்கும்போது நான் திமிராகக் கேட்டேன், "தோளில் துணி போடவிடாத குடும்பத்தை எப்படி ஆச்சி கும்பிடுற?" என்று.

ஆச்சி வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னாள். "வாசலைத் தொறந்தது தம்புரான்தான் மக்கா. அதைச் சொல்லணும்லா? ஆனா தட்டுனது யாருன்னும் சொல்லணும்."

வைக்கத்தில் தட்டினார்கள், 1924-ல். பெரியார் அங்கே போய் ஜெயிலில் இருந்தார். சுசீந்திரத்திலேயே தட்டினார்கள். மைசூரில் பிரஜாமித்ர மண்டலி தட்டியது. தட்டின சத்தம் காதில் விழுந்து எழுந்து வந்து திறந்த ராஜா நல்ல ராஜா. என்னிடம் அதற்கு மேல் ஓர் அளவுகோல் கிடையாது.

எங்கள் தாத்தா பனை ஏறியவர். நான் ஓ.பி.சி. இடத்தில் பரீட்சை எழுதி வங்கிக்குள் வந்தவன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. வங்கி என்னால் நாசமாகவும் இல்லை. (ப்ரமோஷன் லிஸ்டில் மட்டும் என் பெயர் கொஞ்சம் மெதுவாக நகர்கிறது, அது வேற கதை.) ஆகவே நால்வடியை எனக்குப் பிடிக்கும். ஒரே ஒரு காரணத்துக்காக, ரொம்பப் பிடிக்கும். அந்தக் காரணத்தைக் கழித்துவிட்டு அவரைப் பிடிக்கும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இருக்கிறது.

என் மகள் கடைசியில் யாரை எழுதினாள் தெரியுமா? கெம்பநஞ்சம்மண்ணியை. "ஏன்" என்ற இடத்தில், நான் சொன்ன ஆஸ்பத்திரி, கரண்ட் எதையும் எழுதவில்லை. 'பையன் பெரியவன் ஆகிற வரைக்கும் பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கினார், பெரியவன் ஆனதும் திருப்பிக் கொடுத்துவிட்டார்' என்று எழுதியிருந்தாள்.

பேங்க் ஆபீசர் பொண்ணு :-)

கீழ் வீட்டுத் தாத்தாவிடம் படித்துக் காட்டினாள். கன்னடத்தில் கேட்டுவிட்டுத் தமிழில் சொன்னார்: "என் தம்பி வாணி விலாஸ்லதான் பொறந்தான். அது ஒரு அம்மா பேருன்னு இத்தனை நாளா எனக்குத் தெரியாம போச்சே சார்."

உங்களுக்குப் பிடித்த ராஜா, ராணி யாரானாலும் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். மைசூர், திருவிதாங்கூர், தஞ்சாவூர், ராமநாதபுரம், எதுவானாலும் சரி. ஆனால் 'ஏன்' என்பதற்கு ஒரு வரி கட்டாயம். "களையா இருப்பார்" என்பது தாத்தாவுக்கு மட்டும் அனுமதி.

டிஸ்கி: அந்த ஸ்டேட்டஸ் நண்பர் இந்தப் பதிவைப் படிப்பார் என்று தெரியும். நாளைக்கு டீ என் செலவு. சண்டையையும் அங்கேயே வைத்துக்கொள்வோம்.