சிலை ஒருத்தருக்கு, முகம் இன்னொருத்தருக்கு!

வின்செஸ்டர் என்றதும் கௌபாய் படத்துத் துப்பாக்கி ஞாபகம் வருகிறதா? நான் சொல்வது இங்கிலாந்தில் இருக்கும் ஊர். ஆல்ஃபிரட் ராஜாவுக்குத் தெருவில் சிலை, ஜேன் ஆஸ்டினுக்குக் கதீட்ரலில் சமாதி. அதையெல்லாம் கைடு பார்த்துக்கொள்வார். நம்ம ஆள் வில்லியம் வாக்கர்.

கதீட்ரல் 1079-ல் ஆரம்பித்தது. சதுப்பு நிலத்தில் மரக்கட்டைகளைப் பரப்பி, அதன்மேல் சுவரை எழுப்பிவிட்டார்கள் புண்ணியவான்கள். எண்ணூறு வருஷம் கழித்து சுவர் சாய்ந்து விரிசல் விட்டது. அஸ்திவாரத்தைத் தோண்டினால் தண்ணீர். இறைத்தால் கட்டடமே உட்கார்ந்துவிடும். கூப்பிடு டைவரை!

1906-லிருந்து 1911 வரை வாக்கர் தினம் ஆறு மணி நேரம் தண்ணீருக்குள். கும்மிருட்டு. கையால் தடவித் தடவித்தான் வேலை. டிரெஸ்ஸைக் கழற்றி மாட்ட நேரமாகும் என்று மத்தியானம் ஹெல்மெட்டை மட்டும் கழற்றிவிட்டுச் சாப்பாடு, பைப்பில் ஒரு இழுப்பு. மொத்தம் 25,000 மூட்டை கான்கிரீட். (நான் பி.காம். ஸார், ஸ்டாக் ரிஜிஸ்டரில் எழுதினாலே முதுகு வலிக்கும்.)

1918-ல் ஃப்ளூ ஜுரத்தில் மனுஷன் போய்விட்டார். 1964-ல் சிலை வைத்தார்கள். பார்த்தால்... முகம் இன்ஜினீயர் ஃபிரான்சிஸ் ஃபாக்ஸுடையது! குரூப் போட்டோவில் ஆள் மாறிப் போச்சாம்.

இதெல்லாம் நம்ம ஆபீஸில்தான் நடக்கும் என்று நினைத்திருந்தேன். ராத்திரி முழுக்கக் கண்விழித்து நான் டாலி பண்ணின பாலன்ஸ் ஷீட்டுக்கு, மேனேஜர் கைதட்டல் வாங்கிய கதை... சரி, விடுங்கள்.

சரியான முகத்தோடு சிலை வந்தது 2001-ல். முப்பத்தேழு வருஷம்! பாவம் ஃபாக்ஸ், 'அது நான்யா' என்று சொல்ல அவரும் உயிரோடு இல்லை.